தருமபுரி கடைவீதிக்கு எது தேவை: அடுக்கு பார்க்கிங்கா, டூவீலர் ஸ்டாண்டா, தெருவோரக் கட்டணமா, கழிப்பறையா?

தருமபுரி நாலு ரோட்டிலிருந்து கடைவீதிக்குள் முகூர்த்த நாளில் வண்டியோடு நுழைந்தவர்களுக்கு நெரிசல் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. சின்னசாமி நாயுடு தெருவில் இரண்டு பக்கமும் டூவீலர், நடுவில் சரக்கு இறக்கும் குட்டியானை, அதன் பின்னால் ஹாரன் அடித்தபடி ஒரு கார். நகராட்சி ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்கள் பெரிய பார்க்கிங் கட்டிடம் கேட்கிறார்கள். டூவீலரில் வருபவர்கள் இலவசமாக நிறுத்துவதைக் கெடுத்துவிடாதீர்கள் என்கிறார்கள். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள், முதலில் நம்பிப் போகிற மாதிரி ஒரு கழிப்பறை கட்டுங்கள் என்கிறார்கள். வார்டு உறுப்பினருக்கு எதற்குக் கை தூக்குவது என்ற குழப்பம். பகுதி சபாவுக்கு, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு எதைக் கேட்பது என்ற குழப்பம்.

நகரின் நடுவே நகராட்சி கையில் இருக்கும் இடமும் கொஞ்சம், பணமும் கொஞ்சம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டும். அதனால் நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

வருகிறவர்கள் யார், எதில் வருகிறார்கள்? தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்கள். அதோடு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். நம் கடைவீதிக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு டூவீலரிலும் டவுன் பஸ்ஸிலும்தான் வருகிறது. கார்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இடத்தை விழுங்குவது அவைதான். தமிழ்நாட்டின் 2019ஆம் வருடக் கட்டிட விதிகளில் ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், ஒரு டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர். அதாவது பரப்பளவில் ஒரு கார் நிற்கும் இடம் கிட்டத்தட்ட ஏழு டூவீலர் நிற்கும் இடத்துக்குச் சமம். ஏழு வண்டி என்றால் குறைந்தது ஏழு குடும்பத்தின் வியாபாரம்.

கட்டும் செலவு மட்டுமா, நடத்தும் செலவும் சேர்த்தா? திறப்பு விழா அன்று தெரிவது முதல் செலவு மட்டும்தான். ஆள் சம்பளம், கரண்ட் பில், தண்ணீர், ரிப்பேர் எல்லாம் அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும்.

தப்பாகிப் போனால் மாற்ற முடியுமா? பெயின்ட் கோட்டை அழித்துவிடலாம். எட்டு மாடிக் கட்டிடத்தை அழிக்க முடியாது.

அந்த ரோடு யாருடையது? இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்தெருக்கள் நகராட்சியின் பொறுப்பு. ஊருக்குள் ஓடும் பெரிய ரோடுகள் பலவும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அந்த ரோட்டோரத்தில் கட்டணம் வசூலிக்க நகர்மன்றத் தீர்மானம் மட்டும் போதாது. வண்டி எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று அறிவிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவில் வருகிறது. மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்தவர்களோ, உள்ளாட்சியைக் கலந்து முடிவு செய்ய வேண்டும். காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் கூட நிற்காமல் நகராட்சி தனியாக இதைச் செய்து முடிக்க முடியாது.

யார் இழக்கிறார்கள்? தள்ளுவண்டிக்காரர், பூக்காரம்மா, வயதானவர்கள். இவர்கள் மன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

கணக்குக்காக நகர நடுவே 20 சென்ட் காலி இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுமார் 810 சதுர மீட்டர். நீளம் அகலம் ஏறக்குறைய 28 மீட்டர். இதே இடத்தில் ஒவ்வொரு வழியையும் பொருத்திப் பார்க்கலாம்.

## முதல் வழி: அடுக்கு வாகன நிறுத்தம்

கேட்கும்போதே கவர்ச்சியாக இருக்கும். கொஞ்ச இடத்தில் மேலே மேலே அடுக்கிவிடலாம், ரோடு காலியாகிவிடும் என்று தோன்றும். சென்னை தி.நகரில் தணிகாசலம் சாலையில் இருக்கிறது, கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் இருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்ற ஆதங்கமும் நியாயமானதுதான்.

ஆனால் 20 சென்ட்டில் இது எப்படி அமையும் என்று பாருங்கள். சாய்தளம் வைத்த மாடிக் கட்டிடத்தில், வண்டி திரும்பும் வழி, தூண் எல்லாம் சேர்த்து ஒரு காருக்குச் சுமார் 30 சதுர மீட்டர் என்று நகரத் திட்டக்காரர்கள் கணக்கு வைக்கிறார்கள். 200 கார் என்றால் 6,000 சதுர மீட்டர். 810 சதுர மீட்டரில் ஓரம் விடாமல் கட்டினாலும் எட்டு தளம் வேண்டும். ஓரம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பதால் இன்னும் கூடும். கார் ஏறும் சாய்தளம் எட்டுக்கு ஒன்று என்ற சரிவைத் தாண்டக்கூடாது. ஒரு மாடி 3 மீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 24 மீட்டர் நீளம். நம் இடத்தின் மொத்தப் பக்கமே 28 மீட்டர். ஒரு பக்கம் முழுக்கச் சாய்தளத்துக்கே போய்விடும்.

சரி, லிப்ட் வைத்த இயந்திரப் பார்க்கிங் என்றால்? இடம் பாதியாகக் குறையும், ஒரு காருக்கு 16 சதுர மீட்டர் அளவில் முடியும். ஆனால் ஒரு காரை ஏற்றவோ இறக்கவோ இரண்டு மூன்று நிமிடம் பிடித்தால், ஒரு லிப்ட் மணிக்கு 20 முதல் 30 கார்தான் பார்க்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் வரிசை கட்டிடத்துக்கு வெளியே ரோட்டில்தான் நிற்கும். எந்த நெரிசலைக் குறைக்கக் கட்டினோமோ அது வாசலிலேயே மறுபடி உண்டாகும். கரண்ட் போனால் ஜெனரேட்டர், லிப்ட் பழுதானால் கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். இவையெல்லாம் டெண்டர் தொகையில் தெரியாத செலவுகள்.

பணக் கணக்கு இன்னும் யோசிக்க வைக்கிறது. கோவை டி.பி. ரோட்டுக் கட்டிடம் சுமார் 370 கார்களுக்கு, 40 கோடி ரூபாய் அளவில், ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கட்டப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு கார் நிற்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட 11 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு காரையே வாங்கிவிடலாம். ஓர் இடம் நாளொன்றுக்கு 100 ரூபாய் சம்பாதித்து, வருடத்தில் 300 நாள் நிறைந்திருந்தால்கூட வருமானம் 30,000 ரூபாய். போட்ட முதலை எடுக்கவே 36 வருடத்துக்கு மேல் ஆகும், சம்பளமும் கரண்டும் சேர்க்காமலே. கோவைக்கு ஸ்மார்ட் சிட்டிப் பணம் வந்தது. தருமபுரி அந்தத் திட்டத்தில் இடம்பெறவில்லை. இங்கே கட்டுவதென்றால் மாநில அரசின் மானியம் வர வேண்டும், இல்லையென்றால் கடன் வாங்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 68,619 பேர் இருந்த நகராட்சிக்கு அந்தக் கடன் சின்ன விஷயமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வெளியே ரோட்டோரம் இலவசமாக நிறுத்த முடிகிறவரை, பணம் கொடுத்து நான்காவது மாடிக்கு ஏற எவரும் போகமாட்டார்கள். தெருவை ஒழுங்குபடுத்தாமல் கட்டிடம் கட்டினால் கட்டிடம் காலியாகவும் தெரு நிறைந்தும் இருக்கும்.

*இது எப்போது சரி:* நிலம் ஒரு ஏக்கருக்கு மேல் இருந்து, மானியம் உறுதியாகி, வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கிற இடமாக இருந்தால் சரி. பெரிய மருத்துவமனை, அலுவலகங்கள் கூடியிருக்கும் வளாகம் போன்ற இடங்கள். பஸ் நிலையத்தையே இடித்துக் கட்டுகிற நிலை வந்தால், அதன் கீழ்த்தளத்தில் டூவீலருக்கு இடம் ஒதுக்குவதும் நல்ல யோசனை. கடைவீதிக்கு நடுவே 20 சென்ட்டில் இது வேண்டாம் என்பதே என் கருத்து.

## இரண்டாம் வழி: காலி இடத்தில் ஸ்டாண்ட், வருடக் குத்தகை

நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான வழி இது. தரையைச் சமப்படுத்தி, ஷீட் கூரை போட்டு, வாசலில் ஒரு டோக்கன் பையனை உட்காரவைத்தால் ஸ்டாண்ட் தயார். வசூல் உரிமையை நகராட்சி ஏலம் விடும். அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகை.

திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்று வைத்தால் 20 சென்ட்டில் 35 கார்தான் நிற்கும். அதே இடத்தை டூவீலருக்கு மட்டும் கொடுத்தால், நடைவழிக்கு அதே அளவு இடம் விட்டும் 200க்கு மேல் நிற்கும். அதனால் நகர நடுவே ஸ்டாண்ட் என்றால் டூவீலர் ஸ்டாண்ட் என்றே பொருள் கொள்ள வேண்டும். காருக்கும் கொடுக்கிறோம் என்று பாதி இடத்தைப் பிரித்தால், 17 காருக்காக 100 டூவீலரை வெளியே தள்ளியதாக ஆகும்.

கட்டும் செலவு குறைவு. முதல் மாதத்திலிருந்தே வருமானம். நாளைக்கு அதே இடத்தில் வேறு எதையாவது கட்ட நினைத்தால் ஷீட்டைக் கழற்றினால் போதும். இவ்வளவு நல்லது இருந்தும் ஸ்டாண்டுகள் பல ஊரில் கெட்ட பெயர் எடுத்திருப்பதற்குக் காரணம் நடத்தும் முறை. குத்தகை எடுத்தவர் ஏலத் தொகையை வசூலில்தான் எடுக்க வேண்டும். ஏலத்தில் போட்டி போட்டுத் தொகையை ஏற்றிவிட்டால், பலகையில் எழுதிய கட்டணத்துக்கு மேல் கேட்கிற பழக்கம் தானாக வந்துவிடும். ஸ்டாண்ட் நிறைந்தபின் ரோட்டில் நிற்கிற வண்டிக்கும் டோக்கன் கிழிப்பார்கள். பேரம் பேச நேரமில்லாத பயணி ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் சண்டை போடாமல் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார். இழப்பு முழுவதும் அவர் தலையில்.

இதற்கு மருந்து இருக்கிறது. ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும்: அச்சடித்த, எண் போட்ட டோக்கன், தூரத்திலிருந்து படிக்கிற அளவில் கட்டணப் பலகை, கியூஆர் கோடில் பணம் கட்ட வசதி, எல்லைக் கோட்டுக்கு வெளியே வசூல் செய்தால் குத்தகை ரத்து. அதிகத் தொகை கேட்டவருக்கே ஏலம் என்ற கண்ணை மூடிய முறையைவிட, மகளிர் சுய உதவிக்குழுவிடம் நடத்தக் கொடுத்து நகராட்சி நேரடியாகக் கணக்குப் பார்ப்பது நல்லது என்பேன். வருமானம் கொஞ்சம் குறையலாம். அடாவடி நிச்சயம் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். சிலர் வாரக் கடைசியில்தான் எடுப்பார்கள். கடை திறக்கும் பத்து மணிக்கு ஸ்டாண்டில் இடம் இருக்காது, கடைக்கு வருகிறவர் மறுபடி தெருவில்தான் நிறுத்துவார். நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு பஸ் நிலையத்தை ஒட்டித் தனி ஸ்டாண்ட், கடைக்கு வருகிறவர்களுக்குக் கடைவீதியை ஒட்டி வேறு ஸ்டாண்ட் என்று பிரித்தால்தான் இரண்டும் உருப்படும். ஒரே இடம்தான் இருக்கிறது என்றால் முதல் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த கட்டணம், அதற்குமேல் ஏறும் கட்டணம்.

*இது எப்போது சரி:* கடைவீதியிலிருந்து 200, 300 மீட்டருக்குள் இடம் கிடைத்தால். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குமேல் நடக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

## மூன்றாம் வழி: தெருவோரத்திலேயே கட்டணமும் நேர வரம்பும்

சொன்னாலே எதிர்ப்பு வரும் வழி இது. நம் தெருவில் நம் வண்டியை நிறுத்த நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பார்கள். ஆனால் நெரிசலின் வேரைத் தொடுவது இது ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கடைவீதியில் நின்று கவனியுங்கள். முதலில் வந்து நிற்கும் வண்டிகள் வாடிக்கையாளர்களுடையவை இல்லை. கடைக்காரர் தன் வண்டியைத் தன் கடை வாசலில் நிறுத்துகிறார். அதற்குப் பக்கத்தில் வேலைக்கு வரும் பையன்களின் வண்டிகள். பக்கத்துக் கடையிலும் அப்படியே. ஷட்டர் முழுவதும் ஏறுவதற்குள் தெருவோரம் நிறைந்துவிடுகிறது. அந்த வண்டிகள் ராத்திரி ஒன்பது மணிவரை அசையாது. பதினோரு மணிக்கு வரும் வாடிக்கையாளர் இரண்டாவது வரிசையில் நிறுத்துகிறார், நடு ரோடு அடைபடுகிறது, கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிங் இல்லாததால் வியாபாரம் போகிறது என்று வருத்தப்படுகிறார். வருத்தம் உண்மையானது. காரணத்தில் ஒரு பகுதி அவர் வாசலிலேயே நிற்கிறது.

ஒரு வண்டி பத்து மணி நேரம் நின்றால் அந்த இடத்துக்கு ஒரு நாளில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. அரை மணிக்கு ஒரு வண்டி மாறினால் அதே இடத்தில் இருபது பேர். புதிதாக ஒரு செங்கல் வைக்காமல் தெருவின் கொள்ளளவு பெருகுகிறது. 100 மீட்டர் தெருவின் ஒரு பக்கத்தில் டூவீலரை நேராக நிறுத்தினால், கடை வாசல்களுக்கு வழி விட்டும் 70 வண்டி தாராளமாக நிற்கும். 2006ஆம் வருடத்தின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், நகர நிலத்தின் மதிப்புக்கு ஏற்றபடி பார்க்கிங் கட்டணம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தெருவின் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தலாம் என்று வெள்ளைக் கோடு. முதல் அரை மணி இலவசம், அப்புறம் மணிக்கணக்கில் ஏறும் கட்டணம். கடைக்காரர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் கொஞ்சம் தள்ளி மாத பாஸ் போட்ட ஸ்டாண்ட். சரக்கு வண்டிகள் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பிறகும் மட்டும். கார் உள்தெருவில் நிற்கவே கூடாது, ஆட்களை இறக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு கண்காணிப்பில் இருக்கிறது. கோடு போட்ட முதல் வாரம் எல்லோரும் மதிப்பார்கள். ஒரு போலீஸ்காரரோ நகராட்சி ஊழியரோ தினமும் நடக்காவிட்டால் இரண்டாம் மாதம் கோடு மட்டும் இருக்கும். தடை செய்த இடத்தில் நிறுத்தினால் அபராதம் முதல் தடவை 500 ரூபாய் என்பது பலருக்குத் தெரியும். யாருக்காவது போடப்பட்டதைப் பார்த்தால்தான் பயம் வரும்.

தள்ளுவண்டிகளை விரட்டிவிட்டு அந்த இடத்தில் பார்க்கிங் கோடு போடுவது நடக்கக்கூடிய தவறு. 2014ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்தக் குழுவைக் கேட்காமல் போட்ட தீர்மானம் கோர்ட்டில் நிற்காது. நிற்கவும் கூடாது. காலையில் நூறு ரூபாய் வியாபாரம் செய்கிற பூக்காரம்மாவின் இரண்டு அடி இடம், பத்து மணி நேரம் சும்மா நிற்கும் பைக்கின் இடத்தைவிட ஊருக்குப் பயனுள்ளது.

*இது எப்போது சரி:* குறுகிய தெரு, நெருக்கமான கடைகள், குறைந்த நேரம் வந்துபோகும் கூட்டம். கடைவீதிக்கு அப்படியே பொருந்துகிறது. சேலம் ரோடு, பென்னாகரம் ரோடு போன்ற ஓடும் சாலைகளில் கட்டணம் வசூலிப்பதைவிட, நிறுத்தவே கூடாது என்று சொல்வதுதான் சரி.

## நான்காம் வழி: அதே இடத்தில் கழிப்பறையும் நிழலும் குடிநீரும்

பார்க்கிங் பேச்சு வந்தால் மன்றத்தில் ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். கழிப்பறை அஜெண்டாவின் கடைசியில் வந்து ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டி வைத்திருப்பவர்களின் குரல் அவ்வளவு பெரியது.

அரூரிலிருந்தோ பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தோ காலையில் கிளம்பி வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜவுளி எடுக்க இரண்டு மணி நேரம், மளிகை, பாத்திரக்கடை, மறுபடி பஸ்ஸுக்குக் காத்திருப்பு. வழியில் தண்ணீர் குடிக்காமலே வருவார். கழிப்பறையில் நுழைந்தால் பக்கெட் இருக்கும், குழாயில் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் தாழ்ப்பாள் இருக்காது, பையை மாட்ட ஒரு ஆணிகூட இருக்காது என்ற பயம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கும் மாதவிடாய் நாளில் வரும் கல்லூரிப் பெண்களுக்கும் இது இன்னும் பெரிய வதை. இவர்கள் யாரும் காரில் வரவில்லை. ஆனால் கடைவீதியின் வியாபாரத்தில் பெரும்பகுதி இவர்களுடையது.

இடம் எவ்வளவு வேண்டும்? 20 சென்ட்டும் வேண்டாம். 2 சென்ட், அதாவது 80 சதுர மீட்டர், ஆண் பெண் இருபாலருக்கும் கழிப்பறைத் தொகுதிக்கும் பாலூட்டும் அறைக்கும் தாராளம். பார்க்கிங் கணக்கில் அது மூன்று கார் நிற்கும் இடம். மூன்று கார் ஒரு நாளில் அதிகபட்சம் முப்பது நாற்பது பேருக்குப் பயன்படும். அதே இடத்தில் கழிப்பறை பல நூறு பேருக்கு.

நடத்தும் செலவுதான் இங்கே சவால். கட்டிடம் கட்டுவது எளிது. முழுநேரத் துப்புரவுப் பணியாளர், தடையில்லாத தண்ணீர், மோட்டார் எரிந்தால் அன்றே மாற்றுவது, செப்டிக் டேங்கை இயந்திரம் வைத்து எடுப்பது, இவை மாதா மாதம் வரும் செலவு. மனிதர்களைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் மலிவாக முடிக்கிறேன் என்று சொன்னாலும் நகராட்சி அதைக் கண்காணிக்க வேண்டும். கட்டணம் வாங்கலாமா என்று கேட்டால், சிறுநீர் கழிக்க யாரிடமும் காசு வாங்கக்கூடாது என்பதே என் நிலை. ஆணுக்கு இலவசம், பெண்ணுக்குக் கட்டணம் என்று பல இடங்களில் நடக்கிற அநியாயத்தை முதலில் நிறுத்த வேண்டும். செலவுக்குப் பணம் எங்கே என்றால், மூன்றாம் வழியின் பார்க்கிங் வசூல் இருக்கிறது. தெருவில் வண்டி நிறுத்துகிறவர் கொடுக்கும் பணம், அதே தெருவுக்கு நடந்து வருகிறவரின் கழிப்பறைக்குப் போவது நியாயமான ஏற்பாடு.

குடிநீர் விஷயத்தில் தருமபுரிக்கென்று ஒரு தனிக் கவனம் வேண்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பொது இடத்தில் குழாய் வைக்கிறேன் என்று போர்வெல் தண்ணீரை இணைத்துவிட்டால், அதை நம்பிக் குடிக்கும் குழந்தையின் பல்லும் எலும்பும் பாதிக்கப்படும். கழிப்பறைக்குப் போர் தண்ணீர், குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், இரண்டு தொட்டியும் தனித்தனி என்று எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வாசலில் 12க்கு 1 சரிவில் சாய்தளமும் கைப்பிடியும் வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறையாவது இருந்தே ஆக வேண்டும். பாலூட்டும் அறைகள் 2015 முதலே தமிழகப் பேருந்து நிலையங்களில் வந்துவிட்டன. அறை கட்டுவதோடு அதன் சாவி யாரிடம் என்பதையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். பூட்டிய அறை யாருக்கும் உதவாது.

*இது எப்போது சரி:* பஸ்ஸில் வருகிறவர்கள் கூடும் எந்த இடத்திலும், எப்போதும்.

## ஒரே பார்வையில்

| | அடுக்கு பார்க்கிங் | டூவீலர் ஸ்டாண்ட் | தெருவோரக் கட்டணம் | கழிப்பறை, குடிநீர், நிழல் |
|---|---|---|---|---|
| யாருக்குப் பயன் | காரில் வருகிறவர்களுக்கு | டூவீலர், வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு | குறைந்த நேரம் வரும் வாடிக்கையாளருக்கு | எல்லோருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும் முதியோருக்கும் |
| முதல் செலவு | பல கோடி | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் |
| நடத்தும் செலவு | மிக அதிகம் | குறைவு | கண்காணிக்கும் ஆள் செலவு | தொடர்ந்து வரும் |
| மறைந்திருப்பது | கடன், லிப்ட் பழுது, வாசல் வரிசை | அதிக வசூல், நாள் முழுக்க நிற்கும் வண்டி | எதிர்ப்பு, துறைகளின் அனுமதி | தண்ணீர், துப்புரவு நின்றால் எல்லாம் வீண் |
| மாற்ற முடியுமா | முடியாது | எளிது | மிக எளிது | கடினம், மாற்றத் தேவையும் வராது |
| எவ்வளவு நாளில் | வருடங்கள் | சில மாதம் | சில வாரம் | சில மாதம் |

## அப்படியென்றால் எந்த வரிசையில்?

என்னைக் கேட்டால் நான்காம் வழியில் தொடங்குவேன், அதோடு கூடவே மூன்றாம் வழியை ஒரே ஒரு தெருவில் மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பேன். தெருவில் கட்டணம் வந்த பிறகு எத்தனை வண்டிக்கு உண்மையிலேயே வேறு இடம் வேண்டும் என்பது தெரியும். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் ஸ்டாண்ட். அதற்குப் பிறகும் கார்களுக்கு இடம் போதவில்லை என்று எண்ணிக்கை காட்டினால் அடுக்கு பார்க்கிங்கைப் பற்றி அப்போது பேசலாம்.

ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கல், குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேர் என்று வருடத்தில் சில நாள் எந்த ஏற்பாடும் போதாது. அந்த நாட்களை மனதில் வைத்து நிரந்தரக் கட்டிடம் கட்டக்கூடாது. பள்ளி மைதானங்களை அந்தச் சில நாளுக்குத் தற்காலிக ஸ்டாண்டாகக் கேட்டு வாங்கி, போலீஸை வைத்து வழி காட்டினால் போதும்.

கிருஷ்ணகிரியில் வரிசை கொஞ்சம் மாறும். அங்கே ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பும் பஸ்களும் ஆட்டோக்களும்தான் முதல் சிக்கல். அங்கே தெருவோரக் கட்டணத்துக்கு முன்னால் ஆட்டோ ஸ்டாண்டுகளை வளைவிலிருந்து தள்ளி வைப்பது பற்றி முடிவெடுக்க வேண்டும். பழையபேட்டைக் கடைத்தெருக்களுக்கு மேலே சொன்ன மூன்றாம் வழி அப்படியே பொருந்தும்.

இந்த விஷயம் பகுதி சபாவுக்கோ நகர்மன்றத்துக்கோ வரும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. வண்டிகளை யார், எந்த நாளில், எத்தனை மணி நேரம் எண்ணினார்கள்? அந்தக் கணக்கில் டூவீலர் தனியாக, கார் தனியாக இருக்கிறதா? திட்டத்தில் பத்து வருட நடத்தும் செலவு எழுதப்பட்டிருக்கிறதா? அந்த ரோடு நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? நகர விற்பனைக் குழு கூடிப் பேசியதா? பார்க்கிங் வருமானம் எந்தக் கணக்கில் போகும்? வாய்மொழியில் பதில் கிடைக்கவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். டெண்டர் விடுவதற்கு முன்னால் கேட்பது முக்கியம். வேலை உத்தரவு கொடுத்த பிறகு எந்த வழியையும் திருப்புவது கடினம்.